எலி கடிக்கவே இல்லையே!

திருவொற்றியூர்ச் சகோதரி ஒருவர் நோட்டுப் புத்தகத் தாளில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருப்பதால் போடவில்லை. கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றும் அவர் வீட்டுக் கேள்விகள் மட்டுமல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வாசற்படிக்குத் தண்ணீர் வருகிற வீடுகள் அத்தனைக்கும் உரியவை. ஆகையால் ரவா லட்டு உதிர்ந்து போவது ஏன் என்று கேட்ட மாம்பலத்து நேயர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை லட்டு கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

சகோதரியின் வீட்டுக்காரருக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அடைமழையில் தெருவில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். வேலைக்குப் போகாமல் முடியுமா? பாண்டை மடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலையும் மாலையும் அந்தத் தண்ணீரில்தான் நடந்திருக்கிறார். குதிகாலில் புதுச் செருப்பு கடித்த புண் வேறு. தண்ணீர் வடிந்து, தெருவில் சேறு காய்ந்து, எல்லாரும் மழையையே மறந்துவிட்ட பிறகு, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ குளிர் ஜுரம் அடித்தது. மண்டை பிளக்கிற தலைவலி. கெண்டைக்காலைத் தொட்டால் அலறினாராம். மாடிப்படி இறங்க முடியவில்லை. "வெள்ளத்தில் நடந்த அசதி" என்று மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் கண் மஞ்சளாக இருப்பதை மாமியார்தான் முதலில் பார்த்தார். "இது காமாலை, இங்கிலீஷ் மருந்து ஆகாது" என்று கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். பத்தியச் சாப்பாடு, உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. இப்படி ஐந்து நாள். ஐந்தாம் நாள் சிறுநீர் ஏறக்குறைய நின்றே போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெள்ளத்தண்ணீரில் நடந்தாரா?" இரத்தம் சோதனைக்குப் போயிற்று. ஊசி மருந்து உடனே ஆரம்பமாயிற்று. சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் இரண்டு முறை இரத்தத்தைச் சுத்தம் செய்தது. மனிதர் பிழைத்தார், இப்போது வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு, கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருக்கிறாராம். வியாதியின் பெயர் எலிக் காய்ச்சல்.

இனிக் கேள்விகள். ஒன்று: "எங்கள் வீட்டில் யாரையும் எலி கடிக்கவே இல்லையே, எப்படி வந்தது?" இரண்டு: "தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாக வைக்க வேண்டுமா? இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்." மூன்றாவதைக் கடைசிப் பக்கத்து மூலையில் நெருக்கி எழுதியிருக்கிறார். மாமியார் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "பச்சிலை கொடுத்துப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே" என்று இராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். "என் சொல்லை அவர் நம்பவில்லை, நீங்கள் ஏதாவது எழுதினால் படித்துக் காட்டுவேன்" என்கிறார் சகோதரி.

நான் வைத்தியம் படித்தவளல்ல. வைத்தியம் படித்தவர்கள் எழுதியதைப் படித்து, புரிந்தவரையில் சொல்கிறவள். அந்த உரிமையோடு ஆரம்பிக்கிறேன்.

எலி கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எலிக் காய்ச்சல் என்ற பெயரால் வந்த குழப்பம் அது. எலி பல்லால் செய்கிற காரியம் அல்ல இது. மூத்திரத்தால் செய்கிற காரியம். லெப்டோஸ்பைரா என்று ஒரு கிருமி. தலைமயிரைக் காட்டிலும் பல நூறு மடங்கு மெல்லியது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, அதுதான் இதன் பருமன். நீளம் மட்டும் அதைப்போல் நூறு மடங்கு இருக்கும். திருகாணி போலச் சுருள் சுருளாக, இரண்டு முனையும் கொக்கி போல வளைந்திருக்கும். இந்தச் சுருள் ஜாதிக் கிருமிகளுக்கு ஸ்பைரோகீட் என்று பொதுப் பெயர். மற்றக் கிருமிகள் வாலை வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும். இவை வாலை உடம்புக்குள்ளேயே, மேல் தோலுக்கு அடியில், சுருட்டி வைத்திருக்கின்றன. அது உள்ளே சுழல, உடம்பு முழுவதும் தக்கை திருகுகிற கம்பி போலச் சுழன்று முன்னேறுகிறது. மற்றக் கிருமிகள் தடுமாறுகிற கெட்டியான சளியிலும் திசுவிலும்கூட இது துளைத்துக்கொண்டு போய்விடும்.

எலியின் சிறுநீரகம்தான் இதற்குச் சொந்த வீடு. அங்கே மெல்லிய குழாய்களின் சுவரில் பாசி மாதிரி அப்பிக்கொண்டு கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. தின்று, ஓடி, குட்டி போட்டு, ஆயுள் முழுவதும் சௌக்கியமாக இருக்கும். போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமியை இறக்கிவிட்டுக்கொண்டே போகும். பெருச்சாளியும் அப்படியே. (பெருச்சாளிக்குத் தெலுங்கில் பந்திக்கொக்கு. அதைத்தான் வெள்ளைக்காரன் 'பாண்டிக்கூட்' ஆக்கினான். பிறகு ஆஸ்திரேலியாவில் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு பிராணிக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டான்!) மாடு, நாய், பன்றி இவற்றுக்கும் இந்தக் கிருமி வரும். மாடு கன்று தங்காமல் போவதற்கும், பால் திடீரென்று குறைவதற்கும் இது ஒரு காரணம்.

வெயிலில் காய்ந்த தரையில் விழுந்தால் கிருமி செத்துப்போகும். கடலின் உப்புத் தண்ணீரிலும் அதற்கு நெடுநாள் வாழ்வு கிடையாது. ஆனால் தேங்கிய மழைத் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில்கூட, உயிரோடு இருக்கும். இப்போது நம் வடசென்னையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் துறைமுகம். தானியமும் சர்க்கரையும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்கின இடம். காசிமேட்டில் மீன் குவியல். கால்வாய் ஓரம் குப்பை. எலிக்கு இதைவிட ஒரு கல்யாண வீடு வேறு எங்கே கிடைக்கும்? மழை பெய்யாத வரைக்கும் எலி தன் வளையில், நாம் நம் வீட்டில். மழை கொட்டினால் வளைக்குள் தண்ணீர் புகுந்து அதுவும் வெளியே வருகிறது. நாமும் அதே தண்ணீரில் இறங்குகிறோம். 2015-ம் வருஷம் டிசம்பரில் ஊரே மிதந்ததே, 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீட்டுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததே, அப்போதெல்லாம் கால் நனையாத மனிதர் யார்?

நல்ல தோல் ஒரு கோட்டைச் சுவர். ஆனால் அந்தச் சுவரில் செருப்புக்கடி ஒன்று போதும், வாசல் திறந்தாயிற்று. புண்ணே இல்லாவிட்டாலும், மணிக்கணக்காகத் தண்ணீரில் நின்றால் விரல் நுனி சுருங்கி ஊறிப்போகிறதல்லவா? துணி துவைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊறின தோல் வழியாகவும் நுழையும். அழுக்குத் தண்ணீர் கண்ணிலோ வாயிலோ தெறித்தாலும் அந்த வழியாகப் போகும். மீன் அரிகிற பெண்களின் கையில் செதிலும் முள்ளும் கிழித்த கோடு எத்தனை இருக்கும்! அவர்கள் நிற்பது ஐஸ் உருகி ஓடுகிற தரையில்.

உள்ளே போன பிறகு நடப்பதுதான் அதிசயம். நம் இரத்தத்தில் காவற்காரர்கள் உண்டு. அன்னியக் கிருமியின் மேல்தோலில் உள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளைத் தொட்டதுமே "திருடன், திருடன்" என்று கூச்சல் போடுவதற்கென்றே ஒரு காவல் உறுப்பு இருக்கிறது. இந்தக் கிருமியின் கொழுப்பு கொஞ்சம் வேறு மாதிரியாக அமைந்திருப்பதால், மனிதனுடைய காவற்காரன் அதைக் கண்டுகொள்வதில்லை. சுண்டெலியின் காவற்காரன் கண்டுகொள்கிறான்! இது போதாதென்று, நம் இரத்தத்தில் "இது நம் வீட்டு ஆள், அடிக்காதே" என்று அடையாளம் சொல்ல ஒரு புரதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமி அதைப் பிடித்துத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. கூர்க்காவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு திருடன் உள்ளே வருகிற கதைதான்.

இன்னொன்றும் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். கிருமி வளர்கிற திரவத்தில் உப்பை நம் இரத்தத்தின் அளவுக்கு ஏற்றினால், திசுவில் ஒட்டிக்கொள்ள உதவுகிற சில புரதங்களை அது கூடுதலாகத் தயார் செய்கிறது. நாம் ரசத்தை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கிற மாதிரி, "குட்டைத் தண்ணீரா, மனித உடம்பா?" என்று அது உப்புப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது போலும்! பிறகு இரத்தத்தோடு கல்லீரல், சிறுநீரகம், சில சமயம் நுரையீரல் எல்லாம் சுற்றிவிடும். வியாதி தலைகாட்டச் சாதாரணமாக ஐந்து முதல் பதினான்கு நாள்; சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். தண்ணீர் வடிந்து மறந்த பிறகு ஜுரம் வருகிற காரணம் அதுதான்.

இதே சுருள் ஜாதியில் ஒரு பங்காளி இருக்கிறது. அது தண்ணீரில் வராது. மான் உண்ணியின் மேல் சவாரி செய்து வரும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் லைம் என்று ஓர் ஊர். அங்கே பாலி மரே என்ற ஒரு தாய், தன் குடும்பத்திலும் அக்கம் பக்கத்திலும் முட்டி வீக்கமும் சொறியும் வருவதை வருஷக்கணக்காகக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். பல டாக்டர்கள் அந்த அம்மாளுக்கு மனக்கோளாறு என்றே நினைத்தார்களாம். 1975-ல் அவரும் இன்னொரு தாயாரும் விடாமல் சுகாதார இலாகாவுக்குச் சொன்னதன் பேரில்தான் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் கிருமியைக் கண்டு 1982-ல் வெளியிட்டார். கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உண்ணியின் வயிற்றில் இருக்கும்போது அந்தக் கிருமிக்கு ஒரு சட்டை. உண்ணி மனிதனைக் கடித்துச் சூடான இரத்தத்தைக் குடிக்க ஆரம்பித்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்படும். கிருமிக்கு அவர் பெயர், வியாதிக்கு ஊர்ப் பெயர். நோட்டுப் புத்தகம் வைத்திருந்த அம்மாளின் பெயர் எதற்கும் இல்லை. அது இருக்கட்டும்.

எலிக் காய்ச்சலின் கதைக்கு வருவோம். 1886-ம் வருஷம் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து டாக்டர் அடால்ஃப் வீல் என்பவர்தான், காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வருகிற ஒரு ஜுரத்தைத் தனி வியாதியாக விவரித்தார். ஆனால் காரணம் தெரியவில்லை. 1907-ல் அமெரிக்காவில் ஸ்டிம்சன் என்பவர், மஞ்சள் ஜுரத்தால் இறந்ததாக நினைத்த ஒருவரின் சிறுநீரகத் துண்டில் சுருள் கிருமிகளைப் பார்த்தார். முனை வளைந்து அச்சாகக் கேள்விக்குறி மாதிரி இருந்ததால் கேள்விக்குறி என்றே பொருள்படப் பெயர் வைத்தார். அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் ஜப்பானியர்கள். கியூஷு தீவில் ஈரமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காமாலை அடிக்கடி வந்தது. இனாடா, இடோ என்ற இருவரும் நோயாளியின் இரத்தத்தைச் சீமைப் பெருச்சாளிக்குச் செலுத்தி, அதன் ஈரலில் கிருமியைக் கண்டுபிடித்து 1915-ல் அறிவித்தார்கள். தோல் வழியாகவே கிருமி நுழையும் என்பதையும் காட்டினார்கள். எலிதான் சுமக்கிறது என்பது 1917-ல் வெளியாயிற்று.

இப்போது உங்கள் மாமியாருக்காக ஒரு கதை. இதை அவரிடம் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

ஜப்பானில் ஃபுகுஷிமா பக்கத்துக் கிராமத்தில், 1876-ல், ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். பெயர் ஹிடெயோ நொகுச்சி. ஒன்றரை வயதில் தவழ்ந்துபோய் அடுப்புக் குழியில் விழுந்து இடது கை வெந்து, விரல்கள் ஒட்டிப்போயின. இந்தக் கையை வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடிக்க முடியாது, படிப்பாவது வரட்டும் என்று தாயார் ஷிகா கூலி வேலை செய்து அவனைப் படிக்க வைத்தார். ஒரு டாக்டர் அந்தக் கையை அறுவை செய்து ஓரளவு சரியாக்கினார். அதைப் பார்த்துத்தான் அவனுக்கும் டாக்டராக வேண்டுமென்று ஆசை பிறந்தது. அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் உலகப் புகழ் பெற்றார். எழுதத் தெரியாத தாயார், மகனை ஊருக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதுவதற்காகவே வயதான காலத்தில் எழுத்துப் பழகிக்கொண்டார். அந்தக் கடிதம் ஜப்பானில் இன்றைக்கும் பிரசித்தம்.

சுருள் கிருமி விஷயத்தில் நொகுச்சியை மிஞ்சின ஆள் அந்த நாளில் இல்லை. நம் கிருமிக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர் வைத்தவரே அவர்தான். 1918-ல் ஈக்வடார் நாட்டுக் குவயாகில் என்ற துறைமுகத்துக்குப் போனார். அங்கே மஞ்சள் ஜுரம் கொள்ளை கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஜுரம், மஞ்சள் கண், இரத்த வாந்தி. நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். லெப்டோஸ்பைரா தென்பட்டது. "மஞ்சள் ஜுரத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன்" என்று உலகத்துக்கு அறிவித்தார். தடுப்பு மருந்துகூடத் தயார் செய்தார். ஆனால் அவர் சோதித்தவர்களில் சிலருக்கு இருந்தது மஞ்சள் ஜுரமே அல்ல, எலிக் காய்ச்சல்தான் என்று இன்று கருதுகிறார்கள். இரண்டும் காமாலை, இரண்டும் ஒரே துறைமுகத்தில். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

1927-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்ற டாக்டரும் தோழர்களும், மஞ்சள் ஜுரம் வைரஸினால் வருகிறது என்று நிரூபித்தார்கள். அதற்குக் கைகொடுத்தது நம் வட இந்தியக் கோவில்களில் தேங்காய் பிடுங்கித் தின்னுமே, அந்த ரீசஸ் ஜாதிக் குரங்கு. அதே வருஷம் ஸ்டோக்ஸையே அந்த ஜுரம் கொண்டு போயிற்று. நொகுச்சிக்கு மனம் ஆறவில்லை. தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டுமென்று ஆப்பிரிக்காவில் அக்ரா நகரத்துக்குப் போனார். இராப்பகலாக உழைத்தார். 1928-ம் வருஷம் மே மாதம் 21-ம் தேதி, 51-வது வயதில், அங்கேயே மஞ்சள் ஜுரத்தால் இறந்துபோனார்.

(ஜப்பான் அரசாங்கம் 2004-ம் வருஷத்து ஆயிரம் யென் நோட்டில் அவர் படத்தைப் போட்டது. 2024-ல் நோட்டை மாற்றி, கிடசாடோ என்ற வேறொரு விஞ்ஞானியின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அவர் 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைத் தேடிப் போனவர். எலிக்கும் அந்த நோட்டுக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம்!)

உலகத்திலேயே அந்தக் கிருமியை நன்றாக அறிந்தவர், பூதக்கண்ணாடியும் சோதனைச்சாலையும் வைத்துக்கொண்டு, ஒரு காமாலையை இன்னொரு காமாலை என்று நினைத்தார். திருவொற்றியூரில் ஒரு தாய், தன் இரண்டு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே நினைத்ததற்கு இராத்தூக்கம் கெட வேண்டுமா? அவர் பார்த்திருக்கும் காமாலைகள் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீரைக் குடித்து வருகிற வைரஸ் காமாலையாக இருந்திருக்கும். அதில் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தால் தானே இறங்கிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். ஐம்பது வருஷம் கண்ணால் பார்த்ததை அவர் நம்பினார். உங்கள் வீட்டுக்காரரை ஆபத்தில் தள்ளியது கீழாநெல்லி அல்ல. நடுவில் போன நாட்கள்தான். அதிலும் முதல் நாலு நாள் மருந்துக் கடை மாத்திரையில் போயிற்று, நினைவிருக்கட்டும். அதற்கு மாமியார் பொறுப்பல்ல. பிள்ளையின் கண் மஞ்சளானதை வீட்டில் முதலில் கண்டவரும் அவர்தானே?

ஆனால் அடுத்த மழைக்கு நாள் போகக்கூடாது. வித்தியாசம் தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. சாதாரணக் காமாலையில், கண் மஞ்சளாகும்போது ஜுரம் பெரும்பாலும் விட்டுப்போகும். எலிக் காய்ச்சலில் ஜுரமும் வலியும் விடாமல் கூடவே வரும். கெண்டைக்காலும் இடுப்பும் தொட முடியாமல் வலிக்கும். கண் செக்கச் செவேலென்று இருக்கும், ஆனால் பீளை கட்டாது. சிறுநீர் குறையும். எல்லாருக்கும் எல்லாம் வராது. பலருக்கு இரண்டு நாள் ஜுரமாக வந்து போய்விடுவதும் உண்டு. உலகம் முழுவதும் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கடுமையாக வந்து, 59,000 பேர் வரையில் இறக்கிறார்கள் என்று 2015-ல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் கொடுத்தால் பென்சிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளே கேட்கின்றன என்பதை நினைத்தால் அந்தக் கணக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நம் ஊர் டாக்டர்களுக்கு இது புதிதல்ல. 1931-லேயே அந்தமானில் டெய்லர், கோயல் என்ற இருவர் இந்த வியாதியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதே அந்தமானில் 1988-லிருந்து மழைக்குப் பின் இருமலில் இரத்தம் வந்து சிலர் இறந்தார்கள். "அந்தமான் இரத்தப்போக்கு ஜுரம்" என்று பெயர் வைத்துப் பயந்தார்கள். அதுவும் இந்தக் கிருமியின் வேலைதான் என்று பிறகு போர்ட் பிளேர் ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது. சென்னையில் முத்துசேதுபதி, சிவகுமார் என்ற டாக்டர்கள், திடீரென்று சிறுநீரகம் செயலிழந்து வருகிறவர்களில் எலிக் காய்ச்சல்காரர்கள் இருப்பதை 1987-லேயே எடுத்துச் சொன்னார்கள். சிவகுமாரும் இன்னொருவரும் 2004-ல், ஜுரம், மழை, தண்ணீர், சோதனை முடிவு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க்குப் போட்டு வியாதியைக் கணிக்கிற பழைய முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி திருத்தி அமைத்தார்கள். அந்தக் கணக்கில் மழைக்கும், அழுக்குத் தண்ணீரில் கால் பட்டதற்கும் தனி மார்க்கு உண்டு!

உங்களுக்குப் பக்கத்திலேயே, மாதவரம் பால் பண்ணைப் பக்கம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் எலிக் காய்ச்சல் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. மாட்டு வைத்தியர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாட்டிலிருந்து மனிதனுக்கும், எலியிலிருந்து இருவருக்கும் வருகிற வியாதியை வேறு யார் முழுதாகப் பார்ப்பது? இந்த வியாதிக்கு உரிய பெரிய சோதனைக்கு உயிருள்ள கிருமிகளை ஜாதி வாரியாகக் குழாய்களில் வளர்த்து வர வேண்டும். நாம் உறைமோரை அணையவிடாமல் தினமும் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விடுகிறோமே, அதே மாதிரி குழாய் மாற்றிக் குழாய் மாற்றிக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளியின் இரத்தத் தெளிவை ஒவ்வொன்றிலும் கலந்து, இருட்டுப் பின்னணி உள்ள மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இருட்டறையில் ஓட்டுத் துவாரத்தின் வழியே வெயில் விழுந்தால் தூசி மினுமினுப்பது தெரியும் அல்லவா, அப்படிக் கிருமி வெள்ளி இழையாக மின்னும். அந்த ஜாதிக் கிருமியோடு நோயாளியின் இரத்தம் போராடியிருந்தால், இழைகள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகிவிடும். முதல் வாரத்தில் இந்தச் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆகையால்தான், முடிவு வருமுன்பே டாக்டர் மருந்தை ஆரம்பித்தால், "சோதிக்காமல் ஊசி போடுகிறாரே" என்று சண்டைக்குப் போகக்கூடாது.

நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாருக்கு ஜுரம் வந்தாலும், டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இத்தனாம் தேதி இவர் வெள்ளத்தில் நடந்தார், காலில் புண் இருந்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜுரம் எத்தனை டிகிரி என்பதை விடாமல் சொல்கிற நாம், இதைத்தான் சொல்லாமல் விடுகிறோம். வெள்ளத்தில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் நல்லது. இல்லாவிட்டால் புண்ணின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்திரியாவது போட்டு, திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தண்ணீரில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு டாக்ஸிசைக்ளினை முன்கூட்டியே கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அது டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டியது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது. துறைமுகத்தில் கப்பல் கட்டுகிற கயிற்றில் வட்டத் தகடு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி கயிற்றின் வழியே ஏறி இறங்காமல் இருக்கத்தான் அது. கப்பலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரச் சான்றிதழ் வேறு கேட்கிறார்கள். கப்பலுக்கு இருக்கிற இந்த மரியாதை நம் தெருக்கோடிக் குப்பைத் தொட்டிக்கு எப்போது வரும் என்று வார்டு கவுன்சிலரைக் கேளுங்கள்; கூட நாலு பெண்களை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி பாக்கி. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் தனியாக வைக்க வேண்டாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த வியாதி வருவது மிக அபூர்வம். குழந்தைகள் தாராளமாக அப்பா பக்கத்தில் உட்காரலாம். அவருடைய சிறுநீரில் கொஞ்ச நாள் கிருமி இருக்கக்கூடும். கக்கூஸைத் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக வைத்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993-ம் வருஷக் கடைசியில் மதுரைப் பக்கம் பெருமழை. அடுத்த சில மாதங்களில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கண்ணுக்குள்ளே அழற்சி. டாக்டர் எஸ். ஆர். ரத்தினமும் மற்றவர்களும் துருவித் துருவிக் கேட்டு, சோதித்து, 73 பேருடைய விவரத்தை 1997-ல் வெளியிட்டார்கள். காரணம் எலிக் காய்ச்சல் கிருமிதான். ஜுரம் வந்து போய்ச் சில வாரமோ, மாதக்கணக்கோ கழித்துக்கூடக் கண்ணில் இது தலைகாட்டும். காலத்தில் மருந்து போட்டால் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடுகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்காரருக்கு வருகிற மாதங்களில் கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, எதிரே தூசி பறப்பது போல இருந்தாலோ, "கிரிக்கெட் பார்த்த சூடு" என்று விளக்கெண்ணெய் விடாமல் நேரே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். போனதும், எலிக் காய்ச்சல் வந்திருந்த கதையை முதலிலேயே சொல்லுங்கள்.